கொடைக்கானல் ஏரியில ஓட்டிப் பாத்துட்டு டேண்டம் சைக்கிளைத் திட்டாதீங்க

ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உக்காந்து ரெண்டு பேரும் மிதிக்கற டேண்டம் சைக்கிள்னு சொன்னா நம்ம ஆளுங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஞாபகம் வர்றது கொடைக்கானல் ஏரிதான். கல்யாணம் ஆன புதுசுல போனப்பவோ காலேஜ் டூர்லயோ வாடகைக்கு எடுத்து, பாதி வழியில மூச்சு வாங்கி, "நீ மிதிக்கவே இல்ல", "இல்ல, நீதான் மிதிக்கல"ன்னு சண்டை போட்டு, வண்டியத் திருப்பிக் கொடுத்துட்டு சுட்ட சோளம் வாங்கித் தின்னுட்டு வந்திருப்பீங்க. அதோட அந்த வண்டியப் பத்தின அபிப்பிராயம் முடிஞ்சுபோச்சு. நான் சொல்ல வர்றது என்னன்னா, அந்த வண்டிக்குக் கொஞ்சமும் ஒத்து வராத இடம் மலை, நல்லா ஒத்து வர்ற இடம் எங்க காரைக்குடி மாதிரி மட்டமான பொட்டல் பூமி, அதைப் போய் 2,100 மீட்டர் உயரத்துல கியரும் இல்லாம, சீட்டை ஏத்தி இறக்கவும் முடியாம, எண்ணெய் காணாத செயினோட ஓட்டிப் பாத்துட்டு "இதெல்லாம் சும்மா ஷோ"ன்னு சொன்னா ஞாயமே இல்ல.

எங்க வீட்ல இந்த வண்டி வந்து சில வருஷம் ஆச்சு. பெங்களூர்ல ஒருத்தர் வெளிநாட்டுலேர்ந்து திரும்பி வரும்போது கூடவே கொண்டு வந்தது, அவர் பிள்ளைங்க வளந்து தனித்தனி சைக்கிளுக்குப் போயிட்டதால வித்துட்டார். ஸ்டீல் ஃப்ரேம், 26 இஞ்ச் சக்கரம், அங்கங்க பெயின்ட் உரிஞ்ச வயசான வண்டி. விலை கேட்டா எங்க அத்தைக்கு இன்னைக்கும் கோவம் வரும், அதனால இங்கயும் சொல்லல.

ஏன் வாங்கினோம்னு கேட்டா காரணம் ரொம்ப சின்னது. எங்க வீட்டுக்காரர் வேகமா ஓட்டுவார், நான் மெதுவா ஓட்டுவேன். ரெண்டு பேரும் தனித்தனி சைக்கிள்ல கிளம்புனா அவர் எங்கயோ முன்னாடி போய் ஒரு டீக்கடையில நிப்பார், நான் போய்ச் சேரும்போது அவர் டீ குடிச்சு, வடை தின்னு, பேப்பரும் படிச்சு முடிச்சு "கிளம்பலாமா?"ம்பார். அதாவது வேகமா வந்தவருக்கு ரெஸ்ட்டு, மெதுவா வந்தவளுக்கு அது கிடையாது. இதைச் சரி பண்ண அவர் மெதுவா ஓட்டிப் பாத்தார், அது அவருக்குத் தண்டனை மாதிரி ஆயிடுச்சு, மூஞ்சியப் பாத்தாலே தெரியும். டேண்டம்ல இந்தப் பிரச்சினையே இல்ல. அவர் பலம் அவருக்கு, என் பலம் எனக்கு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான் போய்ச் சேருவோம், வேற வழியே கிடையாது.

வண்டி எப்படி ஓடுதுன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். முன்னாடி ஒரு ஜோடி பெடல், பின்னாடி ஒரு ஜோடி. பெடல் மாட்டியிருக்கற ரெண்டு கிராங்கையும் இடது பக்கம் ஒரு நீளச் செயின் இணைக்குது, அதுக்கு ரெண்டு முனையிலயும் ஒரே அளவு பல்சக்கரம், அதனால முன்னாடி கால் ஒரு சுத்து சுத்துனா பின்னாடி காலும் ஒரு சுத்து சுத்தித்தான் ஆகணும். அப்புறம் வழக்கம்போல வலது பக்கம் பின் சக்கரத்துக்குப் போற செயின், கியர் எல்லாம் அங்க. ஹேண்டில், பிரேக், கியர் மூணும் முன்னாடி இருக்கற கேப்டன் கையில. பின்னாடி இருக்கற ஸ்டோக்கருக்கும் ஒரு ஹேண்டில் பார் உண்டு, அது எந்தப் பக்கமும் திரும்பாது, பிடிச்சுக்க மட்டும்தான். எங்க வண்டியில கேப்டன் எங்க வீட்டுக்காரர், ஸ்டோக்கர் நான். அவர் மிதிக்கறத நிறுத்துனா நான் நிறுத்தணும், நான் நிறுத்துனா அவர் கால் நிக்கும். முதுகு அரிச்சா கூட சொல்லிட்டுத்தான் சொறியணும்.

இதுல ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். செக்காலை ரோட்டுல நாங்க போகும்போது எத்தனையோ பேர் கேட்டாச்சு, "பின்னாடி அவுக மிதிக்காகளா, சும்மாத்தான் உக்காந்திருக்காகளா?" நாமதான் டபுள்ஸ் போயே பழகின ஜனமாச்சே. முன்னாடி பார்ல பிள்ளை, பின்னாடி கேரியர்ல பொண்டாட்டி, நடுவுல ஒருத்தர் மட்டும் வேர்த்து விறுவிறுக்க மிதிப்பார், அந்தக் காட்சி கண்ணுல ஊறிப்போச்சு. அதனால பின்னாடி உக்காந்திருக்கற பொம்பளைன்னா அவ பாரம்னுதான் கணக்கு. உண்மை அதுக்கு நேர்மாறு. கேப்டனுக்குப் பள்ளம் பாக்கணும், ஆட்டைப் பாக்கணும், ஷேர் ஆட்டோக்காரர் எப்ப நிப்பாருன்னு யூகிக்கணும், மனசு பாதி அதுலயே போயிடும். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்ல, மிதிக்கறது ஒன்னுதான் வேலை.

அதுக்காக பின்னாடி சொகுசுன்னு நினைச்சுக்காதீங்க. நான் கிட்டத்தட்ட பின் சக்கரத்து மேலயே உக்காந்திருக்கேன், எனக்கு முன்னாடி தெரியறது எங்க வீட்டுக்காரர் சட்டையோட முதுகு மட்டும்தான். நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர் பத்தி உங்களுக்கே தெரியும், வெள்ளைக்கோடு கிடையாது, போர்டு கிடையாது, பாதி இடத்துல ஊர்க்காரங்களே மண்ணையும் கல்லையும் கொட்டிப் போட்டது. அவர் கண்ணுக்குத் தெரியுது, அவர் லேசா சீட்டுலேர்ந்து எந்திரிச்சுக்கறார், எனக்கு ஒன்னும் தெரியாது, டமார்னு முதுகெலும்பு வரைக்கும் ஏறும். ஆரம்பத்துல இதுக்கே பேச்சுவார்த்தை நின்னு போற நிலைமை. அப்புறம் எங்களுக்குள்ள ஒரு பாஷை உருவாச்சு. "மேடு"ன்னா ஸ்பீட் பிரேக்கர், பெடல்ல எந்திரிச்சு நில்லு. "விடு"ன்னா மிதிக்காத, ஆனா காலை எடுக்காத. "மாத்தறேன்"னா கியர் மாத்தப் போறேன், ஒரு நொடி அமுக்காம லேசா மிதி, இல்லாட்டி செயின் கழண்டுக்கும். "ஆடு"ன்னா ஆடு. ஒரு தடவை சொல்ல மறந்தா அன்னைக்கு டீச்செலவு அவரோடது, இதுதான் எங்க வீட்டுச் சட்டம்.

கிளம்பறதுலயும் ஒரு முறை இருக்கு. அவர் வண்டியக் காலுக்கு நடுவுல வெச்சு, ரெண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிச்சு, காலை நல்லா அகட்டி நிப்பார். அகட்டலைன்னா நான் பின்னாடி ஏறி பெடலைச் சுத்தும்போது முன்னாடி பெடல் அவர் கெண்டைக்காலைப் பதம் பாத்துடும். நான் முதல்ல ஏறி உக்காந்து ரெண்டு காலையும் பெடல்ல வெச்சுட்டு, அவருக்குத் தோதா வலது பெடலை மேல கொண்டு வந்து நிறுத்தி "ம்"னு சொல்லணும். அப்புறம்தான் அவர் மிதிப்பார். நிக்கும்போதும் நான் காலைக் கீழ வைக்கக் கூடாது, அவர் ஒருத்தர் ஊன்றினா போதும். இந்த ஒழுங்கு இல்லாம ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் காலை ஊன்றினா என்ன ஆகும்னு கொடைக்கானல்ல விழுந்தவங்களைக் கேளுங்க. சேலையோட ஓட்ட முடியாதான்னு கேப்பாங்க, எங்க வண்டியில பின் சீட்டுப் பக்கம் பார் தாழ்வா இருக்கறதால ஏற முடியும், ஆனா முந்தானையும் கொசுவமும் செயின் பக்கம் போகும், இடது பக்கமும் செயின் இருக்கறதால தப்பிக்கவே வழியில்ல. சுடிதார்தான் சரி.

வீட்டுக்குள்ள நிறுத்தற விஷயத்துல செட்டிநாட்டு வீடு மாதிரி உலகத்துல வேற வீடு கிடையாது. வண்டி நீளம் கிட்டத்தட்ட எட்டடி, சென்னை அபார்ட்மென்ட்ல லிஃப்டுக்குள்ளயும் போகாது, மாடிப்படியிலயும் திரும்பாது. எங்க வீடு அரண்மனை எல்லாம் இல்ல, சின்ன வீடுதான், ஆனா அமைப்பு அதே அமைப்பு, முகப்பு வாசல் ஒரு தெருவுல, கொல்லை வாசல் அடுத்த தெருவுல, நடுவுல எல்லாக் கதவும் ஒரே நேர்க்கோட்டுல. காலைல முகப்பு வழியா வெளிய எடுத்தா திரும்பி வரும்போது பின்தெரு வழியா உள்ள ஏத்தி அப்படியே ரெண்டாங்கட்டுல நிறுத்தலாம், மறுநாள் நேரா முன்னாடி உருட்டிக்கிட்டுப் போகலாம், திருப்பற வேலையே இல்ல. நிலைப்படிதான் உயரம், அதுக்கு ஒரு பலகை அடிச்சு வெச்சிருக்கோம். ஒரே பிரச்சினை செம்மண். மழை பெஞ்ச அன்னைக்கு நிலைப்படியிலேர்ந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் ஆத்தங்குடி கல்லு மேல சிவப்பா ஒரு கோடு விழும், ரெண்டு சக்கரமும் ஒரே தடத்துல போறதால ஒரே கோடு, அத்தை அதைப் பாத்துட்டு ஒன்னும் பேசாம மாப்பை எடுத்து என் கையில கொடுப்பாங்க. கேப்டன் கையில ஏன் கொடுக்கறதில்லன்னு நான் கேட்டதில்ல.

சரி, மலைக்கும் சமவெளிக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லணும்ல. மட்டமான ரோட்டுல மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல போனா நம்ம பலத்துல பெரும்பங்கு காத்தைக் கிழிக்கறதுக்குத்தான் போகுது. டேண்டம்ல பின்னாடி இருக்கற ஆளு முன்னாடி இருக்கற ஆளோட மறைவுல இருக்கார், அதனால காத்து தடுக்கறது ஒன்னரை ஆளு கூட இருக்காது, தள்ளறது ரெண்டு ஆளு. அதான் லாபம். ஏத்தத்துல இந்தக் கணக்கு செல்லாது, அங்க வேகமும் இல்ல காத்தும் இல்ல, எடை மட்டும்தான், ரெண்டு ஆளு பலத்துக்கு ரெண்டு ஆளு எடை, அதுக்கு மேல வண்டியும் கனம், எந்திரிச்சு நின்னு மிதிக்கவும் ரெண்டு பேரும் ஒத்துப் போகணும். இறக்கத்துல கேக்கவே வேண்டாம், அத்தனை எடையும் சேர்ந்து தள்ளும், பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்குனா ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால மலைப்பக்கம் ஓட்டறவங்க பின் சக்கரத்துல மூணாவதா ஒரு டிரம் பிரேக் போடுவாங்க. எங்களுக்கு இருக்கற மலை குன்றக்குடி ஒன்னுதான், அதுக்கும் வண்டிய அடிவாரத்துல நிறுத்திட்டுப் படியேறிப் போறதுதான் முறை.

இதை நீங்க நம்பணும்னா ஆடி மாசம் வாங்க. அம்மியே பறக்கற காத்து அப்ப எங்க ஊர்ல மேக்கேயிருந்து அடிக்கும், குன்றக்குடி காரைக்குடிக்கு மேக்க சுமார் 10 கிலோமீட்டர், எதிர்க்காத்துல தனி சைக்கிள்ல போனா நான் கழனிவாசல் தாண்டறதுக்குள்ள அழுதுடுவேன். டேண்டம்ல அவர் முதுகுக்குப் பின்னாடி குனிஞ்சு உக்காந்து மிதிச்சுக்கிட்டே இருக்கேன், மத்த சைக்கிள்காரங்களை வரிசையா தாண்டறோம், அதுல ஒரு அல்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்யுது. பிள்ளையார்பட்டி வரைக்கும் போய்ட்டுத் திரும்பும்போது காத்து முதுகுல, மிதிக்கற மாதிரி நடிச்சா போதும். ஒரு நாள் வழியில டீக்கடையில ஒரு பெரியவர் எங்களை ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஜோடி சேந்திருக்கு, பந்தயத்துக்கு விடலாம்"னார். மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு மாடு சேக்கறவர்னு அப்புறம் தெரிஞ்சுது. ஒரு மாடு வேகமும் ஒரு மாடு நிதானமுமா இருந்தா நுகத்தடி எப்படிக் கோணும்னு அவர் விளக்குனது அப்படியே இந்த வண்டிக்குப் பொருந்துச்சு, எது யாருன்னு மட்டும் அவர் சொல்லல.

எங்க அம்மா ஊர் அரிமளம் பக்கம். செட்டிநாட்டு ஊர்கள்ல சிலது புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்குங்கறது வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. 1990களோட தொடக்கத்துல அங்க ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப அறிவொளி இயக்கத்துல எழுத்தோட சேத்து சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க, லட்சம் பொம்பளைங்க கத்துக்கிட்டாங்க, எங்க அம்மாவும் அதுல ஒருத்தி. பொம்பளைங்க பார் வெச்ச ஆம்பளை சைக்கிளையே ஓட்டுனாங்க, பார்ல பிள்ளையையும் கேரியர்ல தண்ணிக் குடத்தையும் வெச்சுக்கிட்டு. அதனால நான் முதல் தடவை டேண்டம்ல அவங்க வீட்டுக்குப் போய் இறங்குனப்ப அம்மா கேட்ட கேள்வி மத்தவங்க கேட்ட கேள்வி இல்ல. "நீ ஏண்டி பின்னாடி இருக்க?" அடுத்த வாரமே நான் முன் சீட்டுல உக்காந்து பழக ஆரம்பிச்சேன். நீள வண்டிய வளைக்கறதுதான் பயம், சந்து முக்குல அகலமா எடுக்கணும், மத்தபடி செட்டிநாட்டு ஊர்த் தெருவெல்லாம் நேர்க்கோடு போட்ட மாதிரி இருக்கறதால சீக்கிரம் வந்துடுச்சு. எடை அதிகமான ஆளு முன்னாடி இருந்தா சுலபம்னு சொல்வாங்க, அது சரிதான், பின்னாடி அவர் ஆடுனா எனக்குக் கை வலிக்கும். அதனால நான் கேப்டனா இருக்கறது பிள்ளைங்களோடதான்.

பிள்ளைங்கன்னு வந்தா இந்த வண்டிக்கு ஈடே இல்ல. கால் எட்டாத பிள்ளைக்கு என்ன பண்றதுன்னா, பின் சீட்டுக் குழாய்ல மேல ஒரு குட்டி கிராங்கு செட்டைக் கவ்வி மாட்டி, அதுக்குத் தனியா ஒரு செயின் போட்டுக் கீழ இருக்கற கிராங்கோட இணைப்பாங்க. நாமெல்லாம் வாடகை சைக்கிள்ல பாருக்கு நடுவுல காலை விட்டுக் குரங்குப்பெடல் போட்டோம், எங்க பொண்ணுக்குப் பெடலே ஏறி வந்துடுச்சு. ஆனா அந்தப் பெடலும் கூடவே சுத்தறதால பிள்ளை காலை எடுத்துட்டா பெடல் முழங்காலுக்குக் கீழ அடிக்கும், அதனால பெல்ட் போட்ட பெடல் வேணும். நம்ம வேகத்துல மிதிக்கவும் கூடாது, அதுங்க சின்னக்கால் எவ்வளவு சுத்துமோ அவ்வளவுதான். அப்புறம் யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம், பிள்ளைங்க தூங்கிடும். நிஜமாவே மிதிச்சுக்கிட்டே தூங்கும். கானாடுகாத்தான்லேர்ந்து திரும்பி வரும்போது பேச்சு நின்னுச்சுன்னா எனக்கு உடனே வயித்தைக் கலக்கும், நிறுத்திப் பாத்தா தலை என் முதுகுல சாஞ்சிருக்கும், கால் மட்டும் அது பாட்டுக்குப் போயிருக்கும். அதுலேர்ந்து சாய்மானம் வெச்ச சீட்டும் இடுப்பு பெல்ட்டும் போட்டாச்சு, விடாம பேச்சுக் கொடுக்கறது, கேள்வி கேக்கறது, நகரத்தாரோட ஒன்பது நகரக் கோயில் பேரை வரிசையா சொல்லச் சொல்றது, இதெல்லாம் பாட்டோட சேந்து எங்க வண்டி எரிபொருள்.

பள்ளத்தூர் வழியா போனா எங்க வீட்டுக்காரர் ஒரு விஷயத்தைச் சொல்லாம விட மாட்டார், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் வண்டியெல்லாம் செஞ்ச டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனிய 1949ல அம்பத்தூர்ல தொடங்குன முருகப்பா குடும்பம் இந்த ஊர்க்காரங்கதான்னு. பையன் முதல்ல கேட்டது, "அப்ப ஏன் இங்க டேண்டம் செய்யல?" அப்பாகிட்ட பதில் இல்ல.

இப்ப சின்ன மாமாவைப் பத்திச் சொல்லணும். என் மாமனாரோட தம்பி. மின்வாரியத்துல வேலை பாத்தவர், காலம் பூரா சைக்கிள்தான், ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தும் தொடல. கண்ணுல பிரஷர் வந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. பாராலிம்பிக்ஸ்ல பார்வையில்லாதவங்க சைக்கிள் பந்தயம் டேண்டம்லதான் நடக்குது, முன்னாடி பார்வை உள்ள பைலட், ஜெயிச்சா பதக்கம் ரெண்டு பேருக்கும், இதை எங்கயோ படிச்சுட்டு எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் அவரைப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போனார். நெகிழ்ச்சியா ஏதாவது நடந்திருக்கும்னு நினைப்பீங்க. ஒன்னும் இல்ல, வீடு திரும்புனதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உனக்கு கியர் போடத் தெரியலடா." அன்னைலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு காலை அவரோடது. அவர் காலுக்கு இருக்கற பலம் என்கிட்ட இல்ல, அவர் ஏறுனா வண்டி தனி வேகத்துல போகுதுன்னு எங்க வீட்டுக்காரர் என் முன்னாடியே சொல்றார். கண் தெரியாதவர்தான் வழி சொல்றது. புதுவயல் பக்கம் போனா நெல் அவிக்கற வாடையை வெச்சு இது எந்த மில்லுன்னு சொல்வார், ரோடு மாறுற சத்தத்தை வெச்சு பாலம் வந்துடுச்சும்பார், எங்களுக்குத் தெரியாத ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அவருக்குத் தெரியும். "மேடு"ன்னு சொல்ல மறந்தா அவர்கிட்ட டீ வாங்கிக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. ஒரே ஒரு கோரிக்கை வெச்சார், பின்னாடியும் ஒரு பெல்லு வேணும். வெச்சுக் கொடுத்தோம், இப்ப ரோட்டுல ஒரு ஆளும் இல்லாட்டியும் அடிக்கறார்.

ரிப்பேர் விஷயம் நினைச்ச அளவுக்குக் கஷ்டம் இல்ல. நாங்க போற சைக்கிள் கடைக்காரர் முதல் நாள் வண்டியச் சுத்திச் சுத்தி வந்து, பின் சக்கரத்துக் கம்பியை ஒவ்வொன்னா விரலால தட்டி எண்ணுனார். நாப்பது. "நம்ம பழைய பெரிய வண்டிக்கும் பின்னாடி நாப்பதுதானே, முன்னாடி முப்பத்திரெண்டு, மூட்டை ஏத்தற வண்டி கணக்கு"ன்னு சொல்லிட்டு அப்புறம் பயமே இல்லாம கோட்டம் எடுத்தார். டயர், டியூப் 26 இஞ்ச், பள்ளிக்கூடத்துப் பையன் வண்டிக்குப் போடறதே, எந்த ஊர்லயும் கிடைக்குது. சீமைக்கருவேல முள்ளுதான் எமன், ரோட்டு ஓரம் இறங்குனா பஞ்சர், கனம் அதிகங்கறதால பின் டயர் சீக்கிரம் தேயவும் செய்யும். இடது பக்கச் செயின் நாளாக நாளாகத் தொய்யும், அதை இறுக்க முன்னாடி கிராங்கு அச்சையே லேசா நகத்தற மாதிரி அமைப்பு இருக்கு, அது எங்க கடைக்காரருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, வர்றவங்களுக்கெல்லாம் காட்டறார்.

வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: புதுசா வாங்குனா விலை கண்ணைக் கட்டும், வெளிநாட்டு வண்டிக்கு வரி வேற. சென்னை, பெங்களூர் பக்கம் பிள்ளைங்க வளந்துட்ட குடும்பம் யாராவது விக்கறாங்களான்னு பாருங்க. பின் சக்கரத்துக் கம்பி எத்தனைன்னு எண்ணுங்க, இடது செயினை விரலால அமுக்கிப் பாருங்க, சக்கரம் நம்ம ஊர்ல டயர் கிடைக்கற அளவான்னு கேளுங்க, பின் சீட்டுக்காரர் இல்லாம தனியா போய் வாங்காதீங்க. எங்க வண்டி விலைக்கு வருமான்னு மட்டும் கேக்காதீங்க, பிள்ளைங்க கூட ஒத்துக்கும், சின்ன மாமா தர மாட்டார்.